ஆறு நாசல், இரண்டு லாரி

தயாளனின் லாரி வருடத்தில் சில நாட்கள் மட்டும் புகை விடாது. மற்ற நாட்களில், பினாங்கில் எங்கள் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குக் கீழே காலையில் அது உயிர்பெறும்போது, மூன்றாம் மாடி வரைக்கும் ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படும். யாரும் திட்டுவதில்லை. திட்டிப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். தயாளனும் தன்னால் ஆனதைச் செய்வார். புகைக்குழாய் சாக்கடைப் பக்கம் இருக்கும்படி லாரியைத் திருப்பி நிறுத்துவார். எந்த வீட்டில் வெள்ளைச் சட்டை காய்கிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருகுவார். "புகை நல்லதுன்னு நான் எப்பச் சொன்னேன்? எனக்கும் மூக்கு இருக்குல்ல" என்பார், யாராவது முகத்தைச் சுளித்தால்.

புகை விடாத அந்தச் சில நாட்கள், வாகனப் பரிசோதனைக்குப் போகும் நாட்கள். சரக்கு லாரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். அங்கே ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்து இன்ஜினை அலறவிடுவார்கள். புகைக்குழாய்க்குள் ஒரு கருவியைச் செருகுவார்கள். அது புகையின் கறுப்பை எண்ணாக மாற்றிச் சொல்லும். ஐம்பதைத் தாண்டினால் லாரி தோற்றது. பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது. முப்பது வயதைத் தாண்டிய தயாளனின் லாரி ஐம்பதைத் தாண்டாமல் இருக்க ஒரு நியாயமும் கிடையாது. ஆனாலும் அது பல வருடங்களாகத் தோற்றதில்லை. காரணம், ஒரு மைலோ டின்.

டின்னுக்குள் டீசலில் ஊறியபடி ஆறு நாசல் இருக்கும். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனைதான் நாசல். ஒரு சிலிண்டருக்கு ஒன்று. புதிய நாசல் பனிபோலத் தெளிக்கும், எல்லாம் எரிந்துவிடும். தேய்ந்த நாசல் ஒழுகும், எரியாதது கறுப்பாக வெளியே வரும். ஆறு நாசலும் புதிதாக மாற்றினால் புகை நின்றுவிடும் என்பது எல்லா லாரிக்காரருக்கும் தெரியும். "அந்தக் காசுக்கு டயர் வாங்கிரலாம்லா. டயர் இல்லாட்டி லாரி ஓடாது. புகையோட ஓடும்" என்று இன்னொரு லாரிக்காரரான சிக்கந்தர் சொல்வார்.

இந்த யோசனையும் சிக்கந்தருடையதுதான். ஒரே மாதிரி லாரி வைத்திருந்த ஐந்து பேர் சேர்ந்து ஒரு செட் புது நாசல் வாங்கினார்கள். யாருக்குப் பரிசோதனை வருகிறதோ அவர் லாரியில் மாட்டுவது, பாஸ் ஆனதும் கழற்றிவிட்டுப் பழையதையே போட்டுக்கொள்வது, டின்னை அடுத்தவரிடம் கொடுப்பது. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு காலத்தில் நல்ல சட்டை ஒன்றுதான் இருந்ததாம். பெண் பார்க்கப் போகிற இளந்தாரி எவனாக இருந்தாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவானாம். அதனால் சிக்கந்தர் அந்த டின்னுக்கு வைத்த பெயர் 'மாப்பிள்ளை சட்டை'. கைமாற்றுவது வெல்ட் கீ துறைமுகத் தெரு ஓரத்து ஒட்டுக்கடையில். வாங்கிக்கொள்கிறவர் எல்லாருக்கும் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய தேநீர், வாங்கித்தர வேண்டும். கழற்றி மாட்டுவது பிறை என்ற ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆ ஹெங். வேறு யார் கை பட்டாலும் நாசல் கெட்டுவிடும் என்பது ஐந்து பேரின் நம்பிக்கை.

ஐந்து பேர் இரண்டு பேர் ஆனார்கள். ஒருவர் இறந்துபோனார். ஒருவர் லாரியை விற்றுவிட்டு ஒரு கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தார். பக்கிரிசாமி என்பவர் கிள்ளானில் மகள் வீட்டோடு போய்விட்டார். மிஞ்சியது தயாளனும் சிக்கந்தரும். தயாளனுக்கு மார்ச்சிலும் செப்டம்பரிலும் பரிசோதனை வரும். சிக்கந்தருக்கு ஏப்ரலிலும் அக்டோபரிலும். எனவே சண்டைக்கு இடமில்லாமல் இருந்தது.

தயாளனின் அப்பா வெல்ட் கீயில் மூட்டை தூக்கியவர். "தூக்குறவனா இருக்காதே, ஏத்திக்கிட்டுப் போறவனா இரு" என்று மகனிடம் சொன்னாராம். அப்படித்தான் தயாளன் சின்ன வயதிலேயே ஒரு சீனரின் லாரியில் கெலிண்டானாக ஏறினார். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இறங்கி, தார்ப்பாயைக் கட்டி, அவிழ்த்து, பின்னால் நின்று 'வரலாம் வரலாம்' என்று கையாட்டுகிற வேலை. பல வருடம் கழித்துச் சொந்தமாக ஒன்று வாங்கினார். ஜப்பானில் ஓடி முடித்து, பிரித்துக் கப்பலில் வந்து, இங்கே மறுபடி பூட்டப்பட்ட லாரி. முகப்பு ஒரு லாரியுடையது, இன்ஜின் இன்னொன்றுடையது. "ரெண்டாங் கல்யாணம் மாதிரி. ரெண்டு பேருக்கும் முன்கதை இருக்கும், கேக்கக் கூடாது" என்று சிக்கந்தர் அன்றைக்கே சொல்லிவிட்டார். கதவில் உரிமையாளர் பெயரை எழுத வேண்டும் என்பது சட்டம். பெயர் எழுதி முடித்த அன்று தயாளன் மனைவி மோகனாவைக் கூட்டிக்கொண்டுபோய் அதைக் காட்டினார். மோகனா கிட்டே போய் வாசித்துவிட்டு, "எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கு" என்றாராம்.

அந்த லாரியில் அவர் ஏற்றியது முக்கால்வாசி வெங்காயமும் பருப்பும்தான். பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் ஏற்றி, கடல் பாலம் கடந்து, தீவுக்கு வந்து, ஜோர்ஜ் டவுனில் மளிகைக் கடைகளுக்கு இறக்குவது. சிக்கந்தருக்கும் அதே கிடங்கு, அதே வெங்காயம். வயதில் மூத்த அவரை எல்லாரும் 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். இருவரும் ஒருவர் லாரியை ஒருவர் புகையை வைத்தே தூரத்தில் கண்டுகொள்வார்கள். தயாளனுடையது கறுப்பு. சிக்கந்தருடையதில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும், ஆயிலும் எரிந்துகொண்டிருந்தது.

போன வருடம் சீனப் பெருநாளுக்கு முன்னால் சாலையில் சோதனை தொடங்கியது. அதற்கு முன்னும் நடந்திருக்கிறது, ஆனால் எங்கேயோ எப்போதோ. இப்போது அடிக்கடி. சுற்றுச்சூழல் இலாகாவினர் சாலையோரம் கூம்புகளை அடுக்கி, கறுப்பாக விடுகிற லாரிகளைக் கைகாட்டி ஒதுக்கினார்கள். அதே கருவி, அதே ஐம்பது. தாண்டினால் பழுது பார்க்கும்வரை லாரி சாலையில் ஏறக்கூடாது என்று ஆணை கொடுத்தார்கள். பரிசோதனை என்றால் தேதி தெரியும், சட்டை மாற்றிக்கொண்டு போகலாம். சாலையில் மறிப்பதற்கு ஏது தேதி?

ஒரு நாள் பிறையிலிருந்து பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் தயாளனையும் ஒதுக்கினார்கள். அவருக்கு முன்னால் ஒரு செங்கல் லாரி. அதன் டிரைவர் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு புல்லில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்தது தயாளன். கருவியின் குழாயை எடுத்துக்கொண்டு ஒருவர் அவருடைய லாரியின் பின்பக்கம் நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பினாங்கு மழை, யோசிக்க நேரம் தராது. அதிகாரிகள் கருவியைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடினார்கள். ஒருவர் கையை வீசி, போ போ என்றார். பாலத்தின் நடுவுக்கு வந்த பிறகுதான் தயாளன் வேகத்தைக் குறைத்தார்.

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியபோது கிடங்கில் பிரமிளா காத்திருந்தார். லோடு பிரித்துக் கொடுக்கிற மேற்பார்வையாளர், தயாளன் மகள் வயது இருக்கும்.

"அண்ணே, ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லும்மா."

"மேலருந்து சொல்லிட்டாங்க. புகைக்கு ஒரு தடவ நிப்பாட்டுன லாரிக்கு இனிமே லோடு கிடையாதாம். கம்பெனி பேரு கெடுதாம்."

"நம்ம லாரி எப்படின்னு உனக்குத் தெரியும்லம்மா."

"தெரியும்ண்ணே. சிக்கந்தர் நானாவுக்கும் சொல்லிட்டேன். அவரு சிரிச்சிட்டுப் போயிட்டாரு. நான் என்னண்ணே செய்ய?"

பிரமிளாவை நொந்து பயனில்லை என்று தயாளனுக்குத் தெரியும். வெங்காயம் போனால் வேறு கிடங்கு இல்லை. பழைய லாரிக்குப் புதிதாக யாரும் சரக்கு தருவதில்லை. ஒருமுறை மாட்டினால் முடிந்தது. அன்றிலிருந்து அவர் பாலத்தை நெருங்கும்போதெல்லாம் முன்னால் கூம்பு தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

மார்ச்சில் மாப்பிள்ளை சட்டையைப் போட்டுக்கொண்டு தயாளனின் லாரி பரிசோதனைக்குப் போனது. இருபத்தெட்டு என்று கருவி காட்டியது. மறுநாள் ஆ ஹெங்கிடம் போய்க் கழற்றியிருக்க வேண்டும். வெங்காயம் வந்திருந்தது, ஏற்றப் போய்விட்டார். அதற்கு மறுநாளும் போகவில்லை.

அந்த நாட்களை அவர் மறைக்காமல் அனுபவித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பாலத்தின் ஏற்றத்தில் லாரி கியர் குறைக்காமல் ஏறியது. பக்கக் கண்ணாடியில் இத்தனை வருடமாகத் தன் புகையையே பார்த்துக்கொண்டு வந்தவருக்கு, அதில் இப்போது சாலை தெரிந்தது. பின்னால் வரும் காரின் நம்பர் தெரிந்தது. ஓட்டுகிறவர் கொட்டாவி விடுவது தெரிந்தது. எங்கள் அடுக்குமாடியில் ஜன்னல்கள் திறந்தபடியே இருந்தன. "இப்ப போனது நம்ம லாரியா?" என்று மோகனா மாடியிலிருந்து போன் செய்து கேட்டார்.

ஏப்ரல் பிறந்ததும் சிக்கந்தரும் போன் செய்தார்.

"என்னா முதலாளி, மாப்பிள்ளை சட்டை எங்க? அடுத்த வாரம் நான் பொண்ணு பாக்கப் போவணும்லா."

தயாளன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றில் கை நின்றது.

"நானா, ஆ ஹெங் ஒர்க்‌ஷாப்பு பூட்டிக் கிடக்கு. செங் பெங்குக்கு ஈப்போ போயிருக்கானாம். வந்ததும் கழட்டிக் கொண்டாரேன்."

செங் பெங் என்றால் சீனர்கள் தங்கள் முன்னோர்களின் கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கி, சாப்பாடு வைத்துக் கும்பிடும் நாள். ஏப்ரல் தொடக்கத்தில் வரும். அப்போது பல கடைகள் பூட்டியிருக்கும். எப்போது திறப்பாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கல்லறைக்குப் போனவனை அவசரப்படுத்தும் பழக்கம் இந்த ஊரில் எந்த இனத்தாருக்கும் இல்லை.

சிக்கந்தரும் கேட்கவில்லை. "அட, அப்பன் ஆத்தா கல்லறைல்ல. மெதுவா வரட்டும். நானே நோம்புக்கு முன்னாடி கபருக்குப் போயிட்டுத்தானே வந்தேன். நீ டென்ஷன் ஆவாத தயா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மோகனா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆ ஹெங்கா? முந்தாநேத்து ஆயர் ஈத்தாம் பாசார்ல என்னப் பாத்துக் கையாட்டுனானே" என்றார்.

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன்."

தயாளன் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. சிக்கந்தர் எதையும் இழுத்துக்கொண்டு போகிறவர்; பரிசோதனைத் தேதியைத் தள்ளிவைப்பார். அதற்குள் சாலைச் சோதனையும் கொஞ்சம் ஓய்ந்துவிடும். பிறகு டின்னைக் கொடுத்துவிடலாம். யாருக்கும் நட்டமில்லை. இப்படித்தான் நினைத்தாராம்.

சிக்கந்தர் தள்ளிவைக்கவில்லை. பெர்மிட் முடிகிற நாள் நெருங்கியிருந்தது, அதைப் போனில் சொல்லவில்லை. நாசல் இல்லாதவர்கள் செய்கிற பழைய வைத்தியம் ஒன்று உண்டு. 'சளி எடுக்கிறது' என்பார்கள். காலி லாரியைச் சின்ன கியரில் போட்டு, நெடுஞ்சாலையில் இன்ஜின் அலற அலற ஓட்டுவது. உள்ளே படிந்த கரி எல்லாம் சூட்டில் பிய்ந்து வெளியே வந்துவிடும். அப்படியே இன்ஜின் ஆறுவதற்குள் பரிசோதனைக்குள் நுழைந்துவிட வேண்டும். இளம் இன்ஜின் அதைத் தாங்கும்.

பரிசோதனை நாளன்று காலையில் தயாளனுக்குப் போன் வந்தது. "தயா, ஜூரு தாண்டி ஹைவே ஓரத்துல நிக்கிறேன். கொஞ்சம் வர்றியா?" குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

தயாளன் காலி லாரியோடு கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்படியே திருப்பிக்கொண்டு போனார். சிக்கந்தரின் லாரி அவசரத் தடத்தில் நின்றது. அதன் அடியிலிருந்து ஆயில் சாலையோரச் சரிவு வரைக்கும் ஓடியிருந்தது. சிக்கந்தர் தலையில் தொப்பியோடு இரும்புத் தடுப்பில் உட்கார்ந்திருந்தார். பரிசோதனைக்காக இஸ்திரி போட்ட சட்டை.

"என்ன நானா ஆச்சு?"

"சளி எடுத்தேன். நெஞ்சே வெளிய வந்துருச்சு."

தயாளன் குனிந்து பார்த்தார். இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாக, முறிந்த இரும்புத் தண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் நிமிர்ந்தார். 

"ஆ ஹெங்குக்கும் அடிச்சுப் பாத்தேன்" என்றார் சிக்கந்தர். "ஈப்போல இருந்தாலும் ஆள் யாரையாச்சும் அனுப்புவானேன்னு. தோ வர்றேன்னுட்டான்."

தயாளனுக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போலிருந்தது. போக முடியாது. லாரிகள் ஒவ்வொன்றாக அவர்களை உரசுவதுபோலக் கடந்தன. ஒவ்வொன்றின் காற்றிலும் சிக்கந்தரின் சட்டை புடைத்து அடங்கியது. இழுவை லாரி வந்து நின்றது. ஆ ஹெங் ரப்பர் பூட்ஸோடு இறங்கி, நேராக இன்ஜினுக்குப் போய், டார்ச் அடித்துப் பார்த்து, "மாத்தி லா" என்றார். செத்துப்போச்சு.

"செங் பெங் முடிஞ்சுதா?" என்று சிக்கந்தர் மலாயில் கேட்டார். இந்த நிலைமையிலும் அதைக் கேட்டார்.

"எப்பவோ முடிஞ்சிது. இங்க பக்கத்துல புக்கிட் மெர்தாஜாம்லதானே நம்ப அப்பா கல்லறை. காலைல போயி மத்தியானம் கடை தொறந்தாச்சு."

"ஈப்போ போகல?"

"ஈப்போல எனக்கு யாரு இருக்கா?" என்றபடி ஆ ஹெங் சங்கிலியை இழுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போய்விட்டார்.

சிக்கந்தர் தயாளனைப் பார்க்கவில்லை. தயாளனின் லாரியைப் பார்த்தார். அது கொஞ்சம் தள்ளி, இன்ஜின் அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. புகைக்குழாயின் வாயில் ஒன்றும் இல்லை. வெயிலில் காற்று மட்டும் லேசாக நெளிந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு எழுந்து, ஆ ஹெங்குக்குச் சங்கிலியைப் பிடித்துக் கொடுக்கப் போனார்.

அந்த வாரமே தயாளன் நாசல்களைக் கழற்றினார். மைலோ டின்னில் போட்டு, பழைய துணியால் சுற்றி, ஜெலுத்தோங்கில் சிக்கந்தர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். சிக்கந்தரின் மனைவி சலேஹா கதவைத் திறந்து, "வாங்க தம்பி" என்றார். தான் சொன்ன பொய்யைச் சிக்கந்தர் அந்த வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று தயாளனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சலேஹா முகத்தில் அவர்மேல் ஒரு கோபமும் இல்லை.

சிக்கந்தர் டின்னைத் திறந்து பார்த்து மூடினார்.

"இத எங்க மாட்ட? மீன் குழம்புலயா?"

"உங்களோடதும்தானே நானா. வேற இன்ஜின் வாங்கிப் போட்டா..."

"இன்ஜின் மாத்துறதுக்கு அனுமதி கேக்கணும். அவன் லாரி எந்த வருஷம்னு கேப்பான். வருஷத்தச் சொன்னா சிரிப்பான். புது லாரிக்கு பேங்க்குக்குப் போனா என் வயசக் கேட்டு அவனும் சிரிப்பான். எதுக்கு ஊரையே சிரிக்க வைக்கணும்?"

சலேஹா தேநீரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். சிக்கந்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ கேட்டிருக்கலாம்லா."

"என்னன்னு நானா?"

"பயமா இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் நானே வச்சிக்கிறேன்னு. எனக்கு மட்டும் பயமில்லயா? பிரமிளா எனக்கும்தானே சொல்லுச்சு. ரெண்டு பேரும் உக்காந்து ஒரு வழி பாத்திருப்போம். ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான்னு ஓடியிருப்போம். ஒன்னுமில்லாட்டி நான் தேதியவாவது மாத்தியிருப்பேன்."

சிக்கந்தர் டின்னின் மூடியை விரலால் தட்டினார்.

"சும்மா, தர மாட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட ரெண்டு திட்டு திட்டிட்டுப் போயிருப்பேன். கல்லறைக்குப் போயிருக்கான்னியே தயா. செத்தவங்கள எதுக்கு இதுல இழுத்த?"

சிக்கந்தர் டின்னைத் துணியால் மறுபடி சுற்றி, தயாளனின் மடியில் வைத்தார். "கொண்டு போயி உன் லாரியில மாட்டு. வெங்காயத்த விட்ராத. ரெண்டு பேரும் நடுத்தெருவுல நின்னா நல்லாவா இருக்கும்?"

மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. அன்றைக்குப் பிறகு சிக்கந்தர் தயாளனுக்குப் போன் செய்யவில்லை. தயாளன் செய்தால் எடுப்பார், இரண்டு வார்த்தை பேசுவார், முதலாளி என்று கூப்பிடமாட்டார்.

சிக்கந்தரின் லாரி சிம்பாங் அம்பாட்டில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனது. தன்னோடு யாரும் வர வேண்டாம் என்று சிக்கந்தர் சொல்லிவிட்டார். கேஸ் வைத்து வெட்டுகிறவன் கதவிலிருந்து தொடங்கினானாம். பெயர் இருந்த கதவு. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவன் அதைக் கழற்றி நீட்ட, வீட்டில் ஏற்கெனவே கதவு இருக்கிறது என்று சிக்கந்தர் சொன்னாராம். இதைத் தயாளனுக்குச் சொன்னது ஆ ஹெங்.

இப்போது சிக்கந்தர் தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு கொண்டோ குடியிருப்பில் ஜாகா, வாசல் காவல்காரர். நீல நிறச் சீருடை, தோளில் யாருக்கும் பயன்படாத ஒரு கயிறு. தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்குகிறார். ஒருமுறை தயாளன் வேலை எதுவும் இல்லாமலே அந்தப் பக்கம் லாரியை ஓட்டிக்கொண்டு போனார். வாசலுக்கு எதிரே வேகத்தைக் குறைத்தார். சிக்கந்தர் ஒரு காருக்குக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். லாரியின் சத்தம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. திரும்பவில்லை. தயாளனும் ஹாரன் அடிக்கவில்லை.

நாசல்கள் தயாளனின் லாரியில்தான் இருந்தன. ஆனால் பரிசோதனைக்கு மட்டும் என்று பொத்திவைத்ததை நாள்தோறும் உழைக்கவிட்டால் அதுவும் தேயும். வெங்காயமும் பாலமும் அதைத் தேய்த்தன. ஆகஸ்டில் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறம் மெல்லத் தெரிந்தது. மோகனா அதைக் கவனித்தார், சொல்லவில்லை. இன்னொரு செட் வாங்க ஐந்து பேர் இல்லை, இரண்டு பேர்கூட இல்லை.

அந்த மாதக் கடைசியில், பாலத்துக்குத் திரும்பும் அதே இடத்தில், கூம்புகள் நின்றன. தயாளனைக் கைகாட்டி ஒதுக்கினார்கள். அன்று வானம் வெளுத்துக் கிடந்தது. ஒரு மலாய்க்கார இளம் அதிகாரி, முக்காடும் முகக்கவசமும் அணிந்த பெண், அவரை இறங்கச் சொன்னார். இன்னொருவர் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தார். இன்ஜின் அலறிய ஒவ்வொரு தடவையும் தயாளன் இரும்புத் தண்டு வெளியே வந்துவிடும் என்று அதன் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கருவி நாற்பத்தொன்று காட்டியது.

"லூலுஸ், பாக்சிக்" என்றார் அந்தப் பெண். பாஸ். கதவில் இருந்த பெயரையும் லாரியின் வருடத்தையும் பார்த்துவிட்டுக் கண்ணை விரித்தார். இவ்வளவு பழைய லாரி, எப்படி இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள், நாசல் புதிதா என்று மலாயில் கேட்டார். கேட்ட விதத்தில் உண்மையான மதிப்பு இருந்தது.

தயாளன் சாவியை வாங்கிக்கொண்டார்.

"கவான் புன்யா" என்றார். கூட்டாளியோடது.

"பாய்க்ஞா கவான்!" என்று அந்தப் பெண் சிரித்தார். எவ்வளவு நல்ல கூட்டாளி.

அவர் அதற்குள் அடுத்த லாரியிடம் நகர்ந்துவிட்டார். அது ஒரு மணல் லாரி. தயாளனுடையதை விடவும் பழையது. அதன் டிரைவர், அறிமுகமில்லாத ஒரு சீனக் கிழவர், இறங்கி வந்து தயாளனின் பக்கத்தில் நின்றார். தயாளனின் புகைக்குழாயைப் பார்த்தார், பிறகு தயாளனைப் பார்த்தார். மணல் லாரியின் ஆக்சிலேட்டரை மிதித்தார்கள். புகை எழுந்து, கூம்புகளையும் கூடாரத்தையும் மூடி, அவர்கள் இருவர் மேலும் இறங்கியது. கிழவர் அசையவில்லை. தயாளன் தன் லாரியில் போய் ஏறவில்லை; கண்ணை மூடிக்கொண்டு, அது கலையும்வரை அவரோடு நின்றார்.